வெளி வன்தட்டு நிரம்பும்போது: காப்புப் பிரதிகளுக்கு இடம் பண்ணும் முறை

வெளி வன்தட்டில் இடம் தீர்ந்துவிட்டது என்ற அறிவித்தல் திரையில் வந்ததும் நம்மில் பலர் கண்ணில் பட்ட பெரிய கோப்புறையொன்றை அழித்துவிடுகிறோம். இல்லையேல் அட்டனுக்கோ கண்டிக்கோ பஸ் ஏறிப் போய் இன்னொரு தட்டை வாங்கி வருகிறோம். முதலாவது ஆபத்தானது. இரண்டாவதற்குப் பல வேளைகளில் தேவையே இருப்பதில்லை. நிரம்பிய தட்டைத் திறந்து நிதானமாகப் பார்த்தால், ஒரே கோப்பின் பழைய பதிப்புகளும், இரண்டு மூன்று இடங்களில் திரும்பத் திரும்பப் பிரதி செய்யப்பட்டவையும், வேண்டும்போது இணையத்திலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடிய மென்பொருட்களும் பெரும் பகுதியைப் பிடித்திருப்பது தெரியவரும். அவற்றை இனங்கண்டு விலக்கி, ஒருமுறை போனால் திரும்ப உருவாக்க முடியாதவற்றுக்கு அந்த இடத்தைக் கொடுப்பதுதான் இங்கே விளக்கப்படும் முறை.

தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ இயங்கும் சிறிய ஸ்டூடியோ, தோட்டப் பாடசாலையின் அலுவலகம், தட்டச்சும் போட்டோ கொப்பியும் செய்யும் கொமியூனிகேஷன் கடை, பாட்டனார் காலத்து ஆவணங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் வீடு ஆகிய நான்கையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். நான்கிலும் தட்டு நிரம்பும் காரணம் வேறு வேறு. நிதானமாகச் செய்யவேண்டிய வேலை மட்டும் ஒன்றுதான்.

இடம் எங்கே போகிறது?

ஒரு டெராபைட் என்று பெட்டியில் அச்சிட்ட தட்டைக் கணினியில் இணைத்தால் விண்டோஸ் 931 கிகாபைட் என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் 1,000 மடங்குகளாகவும் விண்டோஸ் 1,024 மடங்குகளாகவும் எண்ணுவதால் வரும் வேறுபாடு இது. இரண்டு டெராபைட் தட்டு அதே கணக்கில் 1.81 டெராபைட்டாகத் தோன்றும். ஆகவே திட்டமிடும்போது பெட்டியில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, திரையில் உள்ள எண்ணிலிருந்தே தொடங்குங்கள்.

அடுத்ததாக வின்டிர்ஸ்டாட் அல்லது ட்ரீசைஸ் என்னும் இலவச மென்பொருட்களில் ஒன்றை நிறுவி, நிர்வாகி அனுமதியுடன் திறந்து, வெளித்தட்டை முழுமையாக ஆராயச் சொல்லுங்கள். மெக் கணினியில் கிராண்ட்பெர்ஸ்பெக்டிவ் இதே வேலையைச் செய்யும். எந்தக் கோப்புறை எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்பதை இவை அளவு வாரியாக வரிசைப்படுத்திக் காட்டும். இந்தப் பட்டியலைப் பார்க்காமல் எதையும் அழிக்கத் தொடங்கவேண்டாம். வெளித்தட்டுக்கெனத் தனியாக ஒரு குப்பைத்தொட்டி இருப்பதும், அதில் பல மாதங்களுக்கு முன் அழித்தவை இன்னும் கிடப்பதும் இந்தப் பார்வையில்தான் பலருக்குத் தெரியவரும். மெக்கிலும் அப்படியே: வெளித்தட்டில் அழித்தவை, ட்ராஷை வெறுமையாக்கும்வரை அதே தட்டில் இடம் பிடித்துக்கொண்டேயிருக்கும்.

காப்பு வேறு, களஞ்சியம் வேறு

இடப் பிரச்சினையின் ஆணிவேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. மடிக்கணினியில் இடம் போதவில்லை என்று பழைய படங்களை வெளித்தட்டுக்கு மாற்றிவிட்டு, மடிக்கணினியில் உள்ளவற்றை அழித்துவிடுகிறோம். அந்தத் தட்டையே பேக்கப் என்று அழைக்கவும் செய்கிறோம். உண்மையில் அந்தப் படங்களுக்கு இப்போது ஒரேயொரு பிரதிதான் உண்டு. காப்புப் பிரதி என்றால் மூலம் ஓரிடத்திலும் பிரதி வேறோரிடத்திலும் இருக்கவேண்டும். மூலத்தையே கொண்டுபோய் வைத்த தட்டு களஞ்சியம். அதற்கும் தனியாக ஒரு காப்பு வேண்டும்.

ஒரே தட்டில் இரண்டையும் கலந்து வைத்தால் இடத்தை நிர்வகிப்பது இயலாத காரியமாகிவிடுகிறது. தானியங்கிக் காப்பு மென்பொருள் கிடைத்த இடத்தையெல்லாம் தனதாக்கிக்கொள்ளும். நாம் கையால் போட்டவை மீதியை நிரப்பும். இறுதியில் எதை அழித்தால் எது போகும் என்பது யாருக்கும் விளங்காது. எனவே தட்டை இரண்டு பகுதிகளாகப் பிரித்துவிடுவது நல்லது. விண்டோஸில் டிஸ்க் மெனேஜ்மன்ட் என்ற பகுதியைத் திறந்து, தட்டின் மீது வலப்புறச் சொடுக்கி, ஷ்ரிங்க் வொல்யூம் மூலம் ஒரு பங்கை ஒதுக்கி, அதைப் புதிய டிரைவாக ஆக்கலாம். ஒன்றுக்குக் 'காப்பு' என்றும் மற்றதற்குக் 'களஞ்சியம்' என்றும் பெயரிடுங்கள். ஏற்கெனவே தரவு நிறைந்த தட்டில் இதைச் செய்வதாயின், முக்கியமானவற்றை முதலில் வேறொரு இடத்தில் பிரதி எடுத்துவிட்டே தொடங்கவேண்டும். பிரிக்கும் வேளையில் மின்சாரம் தடைப்பட்டால் முழுத் தட்டும் வாசிக்க முடியாமல் போகக்கூடும். பிற்பகல் இடிமழை வழக்கமான ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இத்தகைய வேலையைக் காலையிலேயே முடித்துவிடுவது நமது பகுதிக்குப் பொருத்தமானது.

விண்டோஸின் பைல் ஹிஸ்டரி

விண்டோஸ் தரும் பைல் ஹிஸ்டரி வசதி, நாம் மாற்றாவிட்டால், மாற்றமடைந்த கோப்புகளை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பிரதி செய்து, அந்தப் பிரதிகளை என்றென்றைக்கும் வைத்திருக்கும். ஆவணங்களுக்கு இதனால் பெரிய சுமை இல்லை. ஆனால் அது கோப்பில் மாறிய பகுதியை மட்டும் எடுப்பதில்லை. முழுக் கோப்பையும் ஒவ்வொரு முறையும் எடுக்கிறது. ஸ்டூடியோவில் 200 மெகாபைட் அளவுள்ள ஒரு திருமண அல்பப் பக்கத்தை போட்டோஷொப்பில் திருத்திக்கொண்டிருப்பவர், மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது சேமித்தபடி ஒரு நாளில் எட்டு மணித்தியாலம் வேலைசெய்தால், அந்த ஒரு கோப்பே தட்டில் 1.6 கிகாபைட்டைப் பிடிக்கும். இருபது வேலைநாட்களில் அது 32 கிகாபைட். தட்டு ஏன் நிரம்புகிறது என்று வியப்பவர்களுக்கு இந்தக் கணக்கே போதும்.

கொன்ட்ரோல் பெனலில் சிஸ்டம் அன்ட் செக்யூரிட்டி என்ற பகுதிக்குள் பைல் ஹிஸ்டரியைத் திறந்தால், இடப்பக்கத்தில் அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ் இருக்கும். பிரதி எடுக்கும் இடைவெளியைப் பத்து நிமிடம் முதல் ஒரு நாள் வரை அங்கே மாற்றலாம். பாடசாலை அலுவலகத்துக்கு மூன்று அல்லது ஆறு மணித்தியாலம் போதுமானது என்பது என் கருத்து. பதிப்புகளை வைத்திருக்கும் காலத்தை 'என்றென்றும்' என்பதிலிருந்து ஒரு வருடத்துக்கு மாற்றுங்கள். 'இடம் தேவைப்படும் வரை' என்ற தெரிவும் உண்டு; காப்புக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கியவர்களுக்கு அதுவே சிறந்தது. அதே பக்கத்தில் உள்ள கிளீன் அப் வேர்ஷன்ஸ் என்னும் இணைப்பு, நீங்கள் குறிப்பிடும் காலத்துக்கு முந்திய பதிப்புகளை நீக்கும்; ஒவ்வொரு கோப்பின் மிக அண்மைய பதிப்பை மட்டும், அது எவ்வளவு பழையதாயினும், விட்டுவைக்கும்.

பழைய பிரதிகளை இந்த வழியாகவே அழிக்கவேண்டும். தட்டுக்குள் போய்க் கையால் அழித்தால், மென்பொருளின் பதிவேட்டில் இருக்கும் கோப்பு தட்டில் இருக்காது. மீட்க முயலும் நாளில்தான் அது தெரியவரும். இருந்தாலும் உள்ளே எட்டிப் பார்ப்பதில் தவறில்லை. பிரதியாகும் ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் பின்னால், அடைப்புக்குறிக்குள், திகதியும் நேரமும் யூடிசி (உலகப் பொது நேரம்) என்ற குறிப்புடன் இருக்கும். அந்த நேரம் இலங்கை நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கியது. பிற்பகல் இரண்டு மணிக்குச் சேமித்த வினாத்தாளின் பிரதியில் காலை 8.30 என்றுதான் இருக்கும். எந்தப் பதிப்பு சரியானது என்று தேடும்போது இதை மறந்துவிட்டால் தவறான பதிப்பையே எடுத்துக்கொள்வீர்கள்.

கையால் அழிக்க நேரும் ஒரு சந்தர்ப்பமும் உண்டு. பைல் ஹிஸ்டரி கோப்புறைக்குள் பயனரின் பெயரிலும், அதற்குள் கணினியின் பெயரிலும் தனித்தனிக் கோப்புறைகள் உருவாகின்றன. கணினியை மாற்றினால் அல்லது விண்டோஸை மறுபடி நிறுவினால், புதிய பெயரில் இன்னொரு கோப்புறை தொடங்கிவிடும்; பழையது எவரும் கவனிக்காமல் அப்படியே கிடக்கும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிவுற்றதால் கணினியை மாற்றியவர்களின் தட்டுகளில் இப்படியொரு கோப்புறை இருக்க நிறைய வாய்ப்புண்டு. பழைய கோப்புறையில் உள்ள அனைத்தும் புதிய கணினியில் இருப்பதை உறுதிசெய்த பின், அதை முழுமையாக நீக்கலாம். ஒரே செயலில் நூற்றுக்கணக்கான கிகாபைட் விடுபடுவது இங்கேதான்.

முழுக் கணினியின் படிமத்தை எடுத்து வைப்பவர்கள், பெக்கப் அன்ட் ரீஸ்டோர் பகுதியில் உள்ள மெனேஜ் ஸ்பேஸ் என்பதைத் திறந்து, மிக அண்மைய படிமத்தை மட்டும் வைத்திருக்கும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள். நிர்வாகத்தை விண்டோஸிடமே விட்டால் தட்டின் 30 வீதம் வரை படிமங்களுக்கே போகக்கூடும். வீட்டுப் பாவனைக்குப் பல படிமங்கள் தேவையில்லை.

மெக் பாவிப்பவர்களுக்கு

மெக்கின் காப்பு வசதியான டைம் மெஷின், கடந்த 24 மணித்தியாலத்துக்கு மணிக்கொரு பிரதியும், கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கொரு பிரதியும், அதற்கு முந்திய காலத்துக்கு வாரத்துக்கொரு பிரதியும் வைத்திருக்கும். தட்டு நிரம்பினால் மிகப் பழையதைத் தானாகவே நீக்கும். ஆகவே தட்டு நிரம்பியிருப்பது இங்கே கோளாறாகாது. தட்டின் கொள்ளளவு மெக்கின் சேமிப்பகத்தைப் போல் இரண்டு மடங்காவது இருக்கவேண்டும் என்பதை மட்டும் பின்பற்றுங்கள். சிஸ்டம் செட்டிங்ஸில், ஜெனரல் என்பதன் கீழ், டைம் மெஷினின் ஒப்ஷன்ஸ் பகுதியில் தேவையற்ற கோப்புறைகளை விலக்கலாம்.

எதை விலக்குவது, எதை விடவே கூடாது

டவுன்லோட்ஸ் கோப்புறை, நிறுவும் மென்பொருட்கள், வீடியோ தொகுக்கும் மென்பொருட்கள் உருவாக்கும் தற்காலிகக் கேஷ் கோப்புகள், வட்ஸ்அப்பில் வந்து குவியும் வாழ்த்துப் படங்கள் ஆகியவற்றைக் காப்பிலிருந்து தயங்காமல் விலக்குங்கள். பைல் ஹிஸ்டரியில் இதற்கென எக்ஸ்க்ளூட் போல்டர்ஸ் என்ற இணைப்பு இருக்கிறது. படங்களையும் வீடியோக்களையும் சிப் கோப்பாகச் சுருக்கி இடத்தை மிச்சப்படுத்த முயல்வது வீண்வேலை. ஜேபெக், எம்பி4 ஆகியவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் அளவு குறையாது.

ஸ்டூடியோக்களுக்கு வீடியோதான் பெருஞ்சுமை. நொடிக்கு 100 மெகாபிட் வீதத்தில் பதிவாகும் 4கே வீடியோ, ஒரு மணித்தியாலத்துக்கு 45 கிகாபைட்டை எடுக்கும். மாசியில் நடக்கும் காமன் கூத்தின் இறுதி இரவை ஒரு கெமராவில் ஆறு மணித்தியாலம் எடுத்தால் 270 கிகாபைட். இரண்டு கெமராவென்றால் 540. ஒரு டெராபைட் தட்டில் பாதிக்கும் மேல் அந்த ஓர் இரவிலேயே தீர்ந்துவிடும். திருமணம், பூப்புனித நீராட்டு விழா போன்றவற்றில் தொகுத்த வீடியோவை வாடிக்கையாளரிடம் ஒப்படைத்த பின், மூலப் பதிவுகளை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கொடுத்து, அந்தக் காலம் முடிந்ததும் நீக்கிவிடலாம். மூலப் பதிவும் வேண்டும் என்பவர்கள் தங்கள் தட்டைக் கொண்டுவந்து பெற்றுக்கொள்ளட்டும்.

காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துகளின் பதிவுகளை அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பாடலும் அடவும் மனப்பாடமாக இருக்கும் மூத்த கலைஞர்கள் பலர் இனி ஒருமுறை ஆடுவார்கள் என்று சொல்வதற்கில்லை. தொகுத்த வடிவத்தில் வெட்டப்பட்ட பகுதியில்தான் தப்பு (பறை) அடிக்கும் முறையோ, வாத்தியார் பிழை திருத்தும் சொல்லோ இருக்கக்கூடும். இத்தகைய மூலப் பதிவுகளைக் களஞ்சியப் பகுதியில் தோட்டத்தின் பெயர், ஆண்டு, ஆடியவர்களின் பெயர் ஆகியவற்றுடன் வைத்து, இரண்டாவது தட்டிலும் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். இடம் பண்ணவேண்டியது இவற்றுக்காகத்தான்.

குடும்ப ஆவணங்களும் அவ்வாறே. பிறப்புச் சான்றிதழ், பற்றுச்சீட்டு, பிரஜாவுரிமைச் சான்றிதழ், ஊழியர் சேமலாப நிதி தொடர்பான கடிதங்கள் ஆகியவற்றைப் பலர் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். ஏ4 தாள் ஒன்றை 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கான புள்ளிகள்) அளவில் வண்ணத்தில், சுருக்காத டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 100 மெகாபைட் வரும். 300 டிபிஐ என்றால் 25 மெகாபைட். தட்டச்சுக் கடிதங்களுக்கு 300 தாராளமாகப் போதும். மை மங்கிய கையெழுத்தும் அழிந்துகொண்டிருக்கும் முத்திரையும் உள்ள பழைய தாள்களுக்கு மட்டும் 600ஐ வைத்துக்கொள்ளுங்கள். டிஃப் கோப்பை எல்இசட்டபிள்யூ (LZW) என்னும் சுருக்க முறையில் சேமித்தால் தரம் சிறிதும் குறையாமல் அளவு குறையும். இந்த ஒரு மாற்றமே ஒரு குடும்பத்தின் ஆவணங்கள் முழுவதையும் சிறிய பென் டிரைவ் ஒன்றில் அடக்கிவிடப் போதுமானது.

பாடசாலைகளும் கொமியூனிகேஷன் கடைகளும் கவனிக்கவேண்டியது எழுத்துருக்களை. பாமினியில் தட்டச்சு செய்த பழைய வினாத்தாள்களும், விழா மலர்களும், கடிதங்களும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த குழப்பமாகவே தோன்றும். தட்டைச் சுத்தம் செய்பவர், பயனற்றது என்று நினைத்து அந்தக் கோப்பையே அழித்துவிடக்கூடும். எழுத்துருக் கோப்புறையையும் மென்பொருள் என்று எண்ணி நீக்கிவிடக்கூடும். எழுத்துருக்கள் பிடிக்கும் இடம் மிகச் சொற்பமே. அவற்றை ஆவணங்களுடனேயே வையுங்கள். முக்கியமான ஆவணங்களைப் பிடிஎஃப் வடிவிலும் சேமித்துவிடுங்கள்.

இரட்டைப் பிரதிகள்

கைத்தொலைபேசியிலிருந்து படங்களை இறக்கும் ஒவ்வொரு முறையும் புதிய கோப்புறை உருவாக்கும் பழக்கத்தால், ஒரே படம் நான்கு இடங்களில் இருப்பது வழமை. டூப்குரு போன்ற இலவச மென்பொருள் கோப்பின் உள்ளடக்கத்தை ஒப்பிட்டு, ஒரே மாதிரியானவற்றைக் கூட்டமாகக் காட்டும். பெயரை மட்டும் ஒப்பிடும் முறையைத் தேர்ந்தெடுக்கவேண்டாம். கெமராக்கள் எண்ணை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவதால், ஒரே பெயரில் இரு வேறு படங்கள் இருக்கமுடியும். இந்த மென்பொருளைக் களஞ்சியப் பகுதியில் மட்டும் இயக்குங்கள். காப்புப் பகுதியில் இயக்கினால், வேண்டுமென்றே வைத்திருக்கும் பிரதிகளையே அது இரட்டையென்று காட்டும்.

விண்டோஸின் ரோபோகொப்பி போன்ற பிரதி செய்யும் கருவிகளில் 'மிரர்' முறையைப் பயன்படுத்துவோரும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். மூலத்தில் இல்லாதவற்றையெல்லாம் அது பிரதியிலிருந்தும் அழித்துவிடும். மூலக் கோப்புறை தவறுதலாக வெறுமையாக இருந்த நாளில் அந்தக் கட்டளை ஓடினால், பிரதியும் வெறுமையாகிவிடும்.

அழிப்பதற்கு முன்

எதை நீக்குவதானாலும், எஞ்சப்போகும் பிரதி திறக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டு நீக்குங்கள். கோப்புறையின் அளவும் கோப்புகளின் எண்ணிக்கையும் பொருந்துவது மட்டும் போதாது. நடுவிலிருந்து சில படங்களையும், ஒரு வீடியோவின் கடைசி நிமிடத்தையும், ஒரு பழைய ஆவணத்தையும் திறந்து பாருங்கள். மின்வெட்டின்போது இடையில் நின்ற பிரதிகள் பெயரளவில் மட்டும் இருக்கும். யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினிகளில் இது அடிக்கடி நேர்கிறது. தட்டில் பத்து வீதமாவது வெறுமையாக விட்டுவைப்பதும் அவசியம். முற்றாக நிரம்பிய தட்டு வேகம் குறைவதோடு, புதிய பிரதி பாதியில் நிற்கவும் காரணமாகும்.

இரண்டாவது தட்டு எங்கே இருக்கவேண்டும்

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. மலையகத்தில் அதன் மூன்றாவது பகுதி மிகுந்த கனம் உடையது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயன் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) வரிசைகளே மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் மலைச்சரிவுகளில் வீடுகள் புதையுண்டன. அத்தகைய வேளையில் உயிர்தான் முதன்மை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் தட்டைத் தேடிக்கொண்டிராமல் வெளியேறவேண்டும். அப்படிக் கைவீசி வெளியேறக் கூடியதாக இருக்கவேண்டுமென்றால், ஒரு பிரதி முன்கூட்டியே வேறு ஊரில் உள்ள அக்கா வீட்டிலோ மாமா வீட்டிலோ இருந்தாகவேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போய்வரும்போது தட்டுகளை மாற்றிக்கொள்ளலாம். மிக முக்கியமான ஆவணங்களை கூகுளின் 15 கிகாபைட் இலவச இடத்தில் ஏற்றிவைப்பதும் நல்லது. இரவுநேர டேட்டா உள்ள இணைப்பென்றால் அந்த நேரத்தில் ஏற்றுங்கள்.

நுவரெலியா போன்ற ஈரக்குளிர் மிகுந்த இடங்களில், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் தட்டை வையுங்கள். குளிரிலிருந்து எடுத்த உடனே இணைக்காமல், அறையின் வெப்பத்துக்கு வந்த பின் இணையுங்கள். சுழலும் பாகங்கள் இல்லாத எஸ்எஸ்டி வகைத் தட்டுகளை ஆண்டுக்கணக்கில் மின்னிணைப்பின்றி வைத்திருப்பது தரவுக்கு நல்லதல்ல; நெடுநாள் களஞ்சியத்துக்குச் சுழலும் வன்தட்டே என் தெரிவு.

புதிய தட்டு வாங்கும் நேரம்

மேற்சொன்னவை அனைத்தையும் செய்த பின்னும் காப்புப் பகுதியில், மூலத் தரவின் அளவைவிட ஒன்றரை மடங்குக்குக் குறைவாகவே இடம் இருக்குமானால், அப்போது பெரிய தட்டு வாங்குவது நியாயமான செலவு. இப்போதுள்ள தரவையும் ஆண்டுதோறும் அது வளரும் அளவையும் கணக்கிட்டு, மூன்று ஆண்டுகளுக்குப் போதுமானதாக வாங்குங்கள். நம்ப முடியாத குறைந்த விலையில் 16 டெராபைட் என்று விற்கப்படும் பெயர் தெரியாத தட்டுகளைத் தொடவேண்டாம். அவற்றில் பலவற்றுக்குள் சிறிய மெமரி கார்ட் ஒன்றுதான் இருக்கும். திரையில் பொய்யான அளவைக் காட்டி, பின்னால் எழுதப்படும் தரவு முன்னால் எழுதியதை அழித்துக்கொண்டே போகும். எந்தத் தட்டை வாங்கினாலும், தரவை ஏற்றுவதற்கு முன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதி வாசித்துச் சோதியுங்கள். பெரிய தட்டுக்கு இது ஒரு நாளுக்கு மேல்கூட எடுக்கலாம். சோதனையில் தேறிய பின் புதியது காப்பாகட்டும். பழைய தட்டை, அதில் குறை எதுவும் இல்லையென்றால், வெளியூருக்கு அனுப்பும் பிரதியாக வைத்துக்கொள்ளலாம்.